ஹாலோபெரிடால் வேலை செய்யாது என்று யார் சொன்னது?

இரவுப்பணி:
"ஐசியூவில் அஜிடேஷனுக்கு ஹாலோபெரிடால் வேலையே செய்யாது, இன்னும் போடுகிறவர்கள் படிப்பதை நிறுத்திவிட்டவர்கள்." நேற்று ஆதாரம் தம்பி இப்படி எழுதியிருந்தார். அஜிடேஷன் என்றால் நோயாளி கட்டுக்கடங்காமல் துள்ளுவது, ஹாலோபெரிடால் அதை அடக்கப் போடும் மனநோய் மருந்து. பதினெட்டு வருஷமாக ஐசியூவில் ராத்திரி நிற்கிறவன் நான். 2022இல் வந்த எய்ட்-ஐசியூ ஆய்வைப் படித்தீர்களா? ஆயிரம் பேர். 90 நாளில் இறந்தவர்கள் ஹாலோபெரிடால் குழுவில் 36.3 சதவீதம், பிளாசிபோ என்ற போலி மருந்துக் குழுவில் 43.3. இதுதான் வேலை செய்யாத மருந்தா?

ஆதாரம்:
படித்தேன் சார், முழுசாக. அந்த ஆய்வு முதன்மையாக அளந்தது மரணத்தை இல்லை. 90 நாளில் உயிரோடு மருத்துவமனைக்கு வெளியே இருந்த நாட்களை. ஹாலோபெரிடாலுக்கு 35.8 நாள், பிளாசிபோவுக்கு 32.9. புள்ளியியல்படி வித்தியாசம் இல்லை. அதற்கு முன்பே, 2018இல், மைண்ட்-யூஎஸ்ஏ என்ற ஆய்வு டெலிரியம் (நோயில் திடீரென்று வரும் மனக்குழப்பம்) வந்த 566 பேரிடம் பார்த்தது. ஹாலோபெரிடால், அதே வகை மருந்தான சிப்ராசிடோன் இரண்டுமே பிளாசிபோவைத் தாண்டவில்லை.

இரவுப்பணி:
36.3, 43.3. இந்த இரண்டு எண்ணுக்குப் பதில் சொல்லுங்கள்.

பொதுமருத்துவன்:
ஒரு நிமிஷம். நாம் பேசுவது அஜிடேஷனா, டெலிரியமா? மைண்ட்-யூஎஸ்ஏவில் சுமார் 89 சதவீதம் பேருக்கு அமைதியாகச் சுருண்டு கிடக்கிற வகை டெலிரியம். ட்யூபைப் பிடுங்குகிறவருக்கு அந்த முடிவு எப்படிப் பொருந்தும்? குடியை நிறுத்தியதால் வரும் நடுக்கம் என்றால் பென்சோடயசெபைன்தான் மருந்து. அது வேறு கதை.

ஆதாரம்:
அதெல்லாம் சரி டாக்டர். ஆனால் இரண்டாம்நிலை முடிவை எடுத்துக்கொண்டு கொடி பிடிக்கக் கூடாது என்பதுதான் என் பேச்சு.

இரவுப்பணி:
உயிர் இரண்டாம்நிலையா? நல்ல படிப்பு! போன மாசம் கீட்டமைன் என்ற மயக்கமருந்து பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் கடைசிவரை நழுவினீர்கள்.

செவிலி_மலர்:
கட்டிலோரம் நிற்கிறவள் ஒன்று சொல்கிறேன். இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்த ஒரு தாத்தா, ராத்திரி இரண்டு மணிக்குக் காலை உதைத்து, ஐவி லைனைப் பிடுங்க வந்தார். டியூட்டி டாக்டர் போனிலேயே ஹாலோபெரிடால் எழுதச் சொன்னார். ஆம்பூலை உடைக்கும் முன் யூரின் பையைப் பார்த்தேன். மூன்று மணி நேரமாக ஒரு சொட்டு இல்லை. அடிவயிறு கல் மாதிரி இருந்தது. கதீட்டர் அடைத்திருந்தது. கழுவிவிட்டதும் பை மளமளவென்று நிறைந்தது. தாத்தா தூங்கிவிட்டார். ஊசி ட்ரேயிலேயே கிடந்தது.

இரவுப்பணி:
நல்ல வேலை சிஸ்டர். வலி, மூச்சுத்திணறல், சர்க்கரை, அடைத்த கதீட்டர் எல்லாவற்றையும் பார்த்த பிறகும் அடங்காதவருக்கு என்ன செய்வது என்பதுதான் என் கேள்வி. அப்போது கையைக் கட்டுவீர்களா?

செவிலி_மலர்:
இரண்டு பேருக்கு ஒரு நர்ஸ் கொடுங்கள், யார் கையையும் கட்ட மாட்டோம். ஆள் தராமல் கட்டாதே என்று எங்களிடம் சொல்லாதீர்கள்.

ஆதாரம்:
அடங்காதவருக்கு டெக்ஸ்மெடெடோமிடின் என்ற அமைதிப்படுத்தும் மருந்து இருக்கிறதே. வென்டிலேட்டரை எடுக்கவிடாமல் அஜிடேஷன் தடுத்தால் அதைப் பரிசீலிக்கலாம் என்று 2018 ஐசியூ வழிகாட்டுதலே சொல்கிறது. அதே வழிகாட்டுதல் டெலிரியத்துக்கு ஹாலோபெரிடாலை வழக்கமாகப் போட வேண்டாம் என்கிறது. சாருக்கு அந்தப் பக்கம் மட்டும் கண்ணில் படாது போலிருக்கிறது.

இரவுப்பணி:
"வழக்கமாக" என்ற வார்த்தையை நீங்களே எழுதிவிட்டு விழுங்குகிறீர்கள். நான் வழக்கமாகப் போடச் சொன்னேனா? டெக்ஸ்மெட் ஓடும்போது நாடித்துடிப்பு 42க்கு இறங்கி, பிபியும் விழுந்து பார்த்திருக்கிறீர்களா? அதை மணிக்கணக்கில் பம்ப்பில் ஓட்ட வேண்டும். சின்ன ஊர் ஐசியூவில் மீதமிருக்கிற ஒரே பம்ப் பிபியை ஏற்றும் நார்அட்ரினலினுக்குப் போய்விடும். அப்புறம்?

ஆதாரம்:
ஹாலோபெரிடாலில் கியூடி (ஈசிஜியில் தெரியும் இதயத்துடிப்பு இடைவெளி) நீளாதா? முதலில் ஈசிஜி எடுக்கிறீர்களா?

இரவுப்பணி:
எடுக்கிறேன். பொட்டாசியம், மக்னீசியமும் பார்க்கிறேன். எனக்குப் பாடம் எடுக்கும் வயசு உங்களுக்கு இன்னும் வரவில்லை தம்பி.

ஆதாரம்:
வயசு ஆதாரம் இல்லை சார்.

பொதுமருத்துவன்:
என் கேள்வி அப்படியே நிற்கிறது. அஜிடேஷனா, டெலிரியமா?

இரவுப்பணி:
டாக்டர், முதலில் அவர் பதில் சொல்லட்டும். 36.3, 43.3.

ஆதாரம்:
35.8, 32.9.

செவிலி_மலர்:
எனக்கு எட்டு மணிக்கு ட்யூட்டி. இன்றைக்கும் மூன்று பேருக்கு நான் ஒருத்திதான்.

இரவுப்பணி:
ஆதாரம் தம்பி இன்னும் பதில் சொல்லவில்லை. காத்திருக்கிறேன்.