லீஸ் வீட்டுக்கு முன்பணம் இப்பவே கட்டலாமா?

மலேசியா சுங்கை சிப்புட்ல தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு ஒண்ணு வாங்கப் போறேன். அரசு குத்தகை நிலம், லீஸ் 41 வருஷம் மிச்சம். மாநில அரசு அனுமதி இல்லாம கைமாத்தக் கூடாதுன்னு கிராண்ட்ல (நிலப் பத்திரத்துல) இருக்கு. விலையில 10% முன்பணம் கட்டச் சொல்றாங்க.

— அவசரப்படாதீங்க அண்ணே. முதல்ல நில அலுவலகத்துல சாரியான் ரஸ்மி (நிலப் பதிவின் அதிகாரபூர்வத் தேடல்) எடுங்க. கேவியட் (நிலத்தைக் கைமாத்த விடாத தடைப் பதிவு), பேங்க் அடமானம் இருந்தா தெரிஞ்சிடும். அனுமதி வராம 14ஏ பாரம் (பேர் மாத்துற பாரம்) பதிவாகாது. அதனால மீதிப் பணம் கட்டுற 3 மாசக் கெடு அனுமதி கிடைச்ச பிறகுதான் ஓடணும், மறுத்தா முன்பணம் முழுசா திரும்பணும்னு ஒப்பந்தத்துல எழுதச் சொல்லுங்க. கையெழுத்தானதும் லோயர்கிட்ட சொல்லி 19பி பாரத்துல உங்க பேர்ல கேவியட் போட்டுடுங்க.

— பேங்க்கை முன்கூட்டியே கேளுங்க. மிச்ச வருஷம் குறைவுன்னா கடனும் சுருங்கும். லீஸை நீட்டிக்க அரசுக்குப் பிரீமியம் (நீட்டிப்புக் கட்டணம்) கட்டணும். ‘தானா கிடைச்சிடும்’னு ஏஜெண்ட் சொன்னா நம்பாதீங்க.

— சுக்காய் தானா (நில வரி), சுக்காய் பிந்து (வீட்டு வரி) ரசீதும் வாங்குங்க.