பொம்மை மேல் பித்துப் பிடித்த ஆண்கள்: இந்தப் படங்களில் இருப்பது எந்த ஆசை?

இரவுக்காட்சி:
ஆளுயரப் பொம்மை மேல் ஆசை வைத்த மனிதர்களைப் பற்றிய படங்களாகத் தேடித்தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடைசியாகப் பார்க்க ஆரம்பித்தது 1980-இல் வில்லியம் லஸ்டிக் எடுத்த ‘மேனியாக்’. ஜோ ஸ்பினெல் நடித்த ஃபிராங்க் என்பவன் நியூயார்க்கில் பெண்களைக் கொன்று, தலைத்தோலை முடியோடு அறுத்து எடுத்து வந்து, வீட்டில் வைத்திருக்கும் ஜவுளிக்கடை பொம்மைகளின் தலையில் ஆணியடித்துப் பொருத்துகிறான். கொலைக் காட்சிகளைக்கூட எப்படியோ தாங்கிவிட்டேன். அப்புறம் அந்தப் புழுக்கமான சின்ன அறையில் பொம்மையின் பக்கத்தில் படுத்துக்கொண்டு அதனிடம் கொஞ்சலும் அதட்டலும் அழுகையுமாகப் பேசுகிறானே, அங்கேதான் முடியாமல் நிறுத்திவிட்டேன்.

படித்த விமர்சனங்களில் எல்லாம் ‘வக்கிரம்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. இது காமமா, தனிமையா, அல்லது தனக்கு வேண்டிய பெண் வாயே திறக்கக் கூடாது என்ற எண்ணமா? இதை ஒழுங்காக யோசித்து எடுத்த படம் எது?

பழைய ரீல்:
நீங்கள் மூன்றாவதாகச் சொன்னதுதான் என்று நினைக்கிறேன். ஜப்பானிய இயக்குநர் கொரீடாவின் ‘ஏர் டால்’ (2009) பாருங்கள், இது அங்கே பச்சையாக வெளிவருகிறது. டோக்கியோவில் ஒரு நடுத்தர வயது ஆள் காற்றடைத்த பொம்மையோடு குடித்தனம் நடத்துகிறான். வேலை முடிந்து வந்து சாப்பாட்டு மேஜையில் அதை எதிரே உட்கார வைத்து அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்கிறான். ஒரு நாள் அதற்கு உயிர் வந்துவிடுகிறது (நடித்தவர் கொரிய நடிகை பே டூனா). அவன் வேலைக்குப் போனதும் வெளியே போய், வீடியோ கடையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கே இருப்பவனைக் காதலிக்கவும் செய்கிறாள்.

இத்தனை நாள் கொஞ்சியவனுக்கு இது தெரிந்தால் தலைகால் புரியாத சந்தோஷம் வர வேண்டும் இல்லையா? வரவில்லை. மறுபடியும் பழைய பொம்மையாகவே மாறிவிட முடியாதா என்று கேட்கிறான், மனுஷர்களோடு பழகுவதே தொல்லை, அது வேண்டாம் என்றுதான் உன்னை வாங்கினேன் என்கிற மாதிரி. கத்தவில்லை, அடிக்கவில்லை, கெஞ்சலாகக் கேட்கிறான், அதனால்தான் அது இன்னும் கொடூரமாக இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்த வகைப் படங்களிலேயே நேர்மையான காட்சி அதுதான்.

தெற்குவாசல்:
பழைய ரீல் சார், அந்தக் காட்சியைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் ‘பதில் பேசாத பெண் வேண்டும்’ என்பதோடு நிறுத்தினால் பாதிதான் ஆகிறது. அப்படி ஒன்று கையில் கிடைத்தவன் அதோடு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், இந்தப் படங்களில் யாராவது அப்படி இருக்கிறார்களா?

ஸ்பெயின் இயக்குநர் பெர்லாங்கா பிரான்ஸில் எடுத்த ‘தமான்யோ நாத்துரால்’ (1974) என்று ஒரு படம். சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில் ஸ்பெயினில் காட்டவே விடவில்லை, பிராங்கோ செத்த பிறகுதான் அங்கே வெளிவந்தது. மிஷேல் பிக்கோலி பாரிஸில் ஒரு பல் டாக்டர், ஆளுயரப் பெண் பொம்மையை வரவழைக்கிறார், மனைவியை விட்டுவிட்டு அதோடு குடியேறிவிடுகிறார். மறுத்துப் பேசாது, கோபிக்காது, எங்கேயும் போகாது. அவருக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது. ஆனால் வேறு ஆண்கள் அதைத் தொட்டுவிட்டார்கள் என்று தெரிந்ததும் அவருடைய ஆத்திரம் பொம்மையின் மேலேயே திரும்புகிறது! அது தனக்குத் துரோகம் செய்துவிட்டதாம். துரோகம் செய்ய அதற்கு மனசு என்று ஒன்று இருக்க வேண்டும், அந்த மனசை இவரேதான் அதற்குள் வைத்திருக்கிறார். மறுக்க முடியாத ஒன்றிடம் போய் ‘நீயாக என்னைத் தேர்ந்தெடு’ என்று கேட்டால் அது நடக்கிற காரியமா? இந்த முடிச்சுதான் எல்லாப் படத்தையும் நகர்த்துகிறது என்பேன். கடைசியில் பொம்மையோடு காரை ஸேன் நதிக்குள் விடுகிறார், பொம்மை மட்டும் மேலே மிதந்து வருகிறது.

இது வெறும் சினிமாக் கற்பனையும் இல்லை. ஓவியர் ஆஸ்கர் கோகோஷ்கா, தன்னை விட்டுப் போன காதலி ஆல்மா மாலரைப் போலவே ஒரு பொம்மை வேண்டும் என்று 1918-இல் ஹெர்மினே மோஸ் என்ற பொம்மைக் கலைஞரிடம் சொல்லி வைத்தார். எந்த இடத்தில் கொழுப்பு, எந்த இடத்தில் தோல் மடிப்பு என்றெல்லாம் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். வந்து சேர்ந்ததோ புசுபுசுவென்று தோல் போர்த்திய ஒன்று, மனிதர் நொந்துபோனார். அதையும் வைத்து ஓவியங்கள் வரைந்தார், அப்புறம் ஒரு விருந்து வைத்துத் தலையை வெட்டி எறிந்தார்.

‘மேனியாக்’கிலும் இதுதான் (நிறுத்திவிட்டதாகச் சொன்னீர்கள், முடிவைச் சொல்லிவிடுகிறேன்). கடைசியில் அந்தப் பொம்மைகளே எழுந்து வந்து அவனைப் பிய்த்து எறிகின்றன. அதுவும் அவனே கொடுத்த மனசுதான்.

இரவுக்காட்சி:
தெற்குவாசல், இது எனக்குப் பெரிய திறப்பு. ஃபிராங்க் பொம்மையைத் திட்டும்போது, இனிமேல் வெளியே போகாதே என்கிற தொனியில்தான் திட்டுகிறான். நகரவே முடியாத ஒன்றிடம் அதைச் சொல்கிறானே என்பதுதான் என்னை அப்படி உலுக்கியிருக்கிறது. ஆனால் எல்லாமே சாவில்தான் முடிய வேண்டுமா?

நிலாமுற்றம்:
வேண்டியதில்லை. ‘லார்ஸ் அண்ட் த ரியல் கேர்ள்’ (2007) இருக்கிறதே. யாரும் தொட்டாலே ஒடுங்கிப்போகிற லார்ஸ் (ரயன் காஸ்லிங்) இணையத்தில் ஒரு பொம்மையை வாங்கி, பியாங்கா என்று பெயர் சொல்லி, காதலி என்று அண்ணன் வீட்டுக்கு அழைத்து வருகிறான். அண்ணன் பதறிப்போகிறான். டாக்டரோ, அவன் சொல்வதை அப்படியே ஏற்று நடந்துகொள்ளுங்கள் என்கிறார். ஊர் முழுக்க அப்படியே நடக்கிறது. சக்கர நாற்காலியில் வைத்து சர்ச்சுக்குக் கூட்டிப் போகிறார்கள், ஆஸ்பத்திரியில் தொண்டு வேலை கொடுக்கிறார்கள், தலைமுடியைத் திருத்தி விடுகிறார்கள்.

தெற்குவாசல் அண்ணா சொன்ன அதே பொறாமை இங்கேயும் வருகிறது. ஒரு நாள் சாயங்காலம் லார்ஸ் அவளோடு இருக்க நினைக்கும்போது பியாங்காவை வேறு வேலைக்கு அழைத்துப் போய்விடுகிறார்கள், இவனுக்கு அப்படி ஒரு கோபம். வித்தியாசம் என்னவென்றால் இங்கே அவளுக்கு மனசைக் கொடுத்தது இவன் மட்டும் இல்லை, ஊரே சேர்ந்து கொடுத்திருக்கிறது. தன்னிடம் கேட்காமல் வெளியே போய்வருகிற ஒருத்தியோடு அவன் இருந்து பழக வேண்டியிருக்கிறது, அந்தப் பழக்கத்தில்தான் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறான். கடைசியில் அவளுக்கு நோய் வந்ததும் அவள் இறப்பதும் அவனே எடுத்த முடிவுதான், அடக்கம்கூட நடக்கிறது. ஆனால் அங்கே அவன் யாரையும் தண்டிக்கவில்லை.

இன்னொன்று, பூனுவெல் மெக்சிகோவில் எடுத்த ‘ஆர்ச்சிபால்டோ’வை (1955) விட்டுவிடாதீர்கள். ஆர்ச்சிபால்டோ தான் கொல்ல நினைத்திருந்த லவீனியா என்ற பெண் கைநழுவிப் போய்விட, அவளைப் பார்த்து வார்த்த மெழுகு பொம்மையைத் தன் மண்பாண்டச் சூளையில் போடுகிறான். இழுத்துப் போகும் வழியில் பொம்மையின் கால் ஒன்று கழன்று விழுகிறது, பிறகு முகம் உருகுவதை மிக நெருக்கத்தில் காட்டுகிறார்கள். லவீனியாவாக நடித்த மிரோஸ்லாவா ஸ்டெர்ன், படம் வெளியாவதற்கு முன்பே அதே வருஷம் தற்கொலை செய்துகொண்டார், அவர் உடலையும் தகனம்தான் செய்தார்கள். அதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தச் சூளைக் காட்சியை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை, அதனால் முதலில் படத்தை மட்டும் பாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும், ஆனாலும் அந்த நடிகையின் பெயர் தெரியாமல் யாரும் அதைப் பார்க்கக் கூடாது என்றும் தோன்றுகிறது.

தெற்குவாசல்:
பூனுவெலைச் சொன்னதற்கு நன்றி நிலா. இரவுக்காட்சி, நீங்கள் ‘லார்ஸ்’, ‘ஏர் டால்’ இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள், பெர்லாங்காவை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். ‘மேனியாக்’கை முடித்தே ஆக வேண்டும் என்ற அவசியம் இல்லை.