பேத்தி தைராய்டு மாத்திரையை விழுங்கிவிட்டாள். இப்போது நன்றாக விளையாடுகிறாள்

பேத்தியின் பாட்டி:
பேத்திக்கு இரண்டரை வயது. காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் என் தைராய்டு மாத்திரையைப் போட்டுவிட்டு, தண்ணீர்ச் சொம்புக்குப் பக்கத்தில் முக்காலியிலேயே டப்பாவை வைத்துவிட்டுப் பால் வாங்கப் போனேன். திரும்பி வந்தால் கிலுகிலுப்பை போல அதை ஆட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறாள். மூடி ஒரு பக்கம், உதட்டோரம் வெள்ளைப் பொடி. 100 மைக்ரோகிராம் மாத்திரை. மூன்று முறை எண்ணினேன், 18 குறைகிறது.

இப்போது மணி எட்டு. இட்லி தின்றாள், சிரிக்கிறாள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வையுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டு அம்மா. மகள் வேலைக்குப் போயிருக்கிறாள். அவளிடம் எந்த வாயால் சொல்வேன்? மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டுமா?

மருந்துக்கடைக்காரர்:
உப்புத் தண்ணீர் வேண்டவே வேண்டாம் அம்மா. சின்ன உடம்பில் உப்பு ஏறினால் அதுவே உயிருக்கு ஆபத்து. டப்பாவோடு இப்போதே குழந்தைகள் மருத்துவரிடம் போங்கள். வலிப்பு, மயக்கம், மூச்சுத்திணறல் எது வந்தாலும் 108. தில்லி எய்ம்ஸின் தேசிய நச்சுத் தகவல் மையத்தையும் கேட்கலாம்: 1800 116 117.

சிரிக்கிறாள் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் மாத்திரையில் இருப்பது தைராக்சின். அது டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து பிறந்த ஹார்மோன். நான்கு அயோடின் அணுக்களைச் சுமந்திருக்கும். உடல் அதில் ஒன்றைக் கழற்றி டி3 என்ற வீரியம் கூடிய ஹார்மோனாக ஆக்கிய பிறகுதான் முழு வேகம் தெரியும். அதனால் நாலைந்து நாள் கழித்தும் தொந்தரவு தொடங்கலாம். 18 மாத்திரை என்றால் 1.8 மில்லிகிராம். இந்த அளவில் பெரும்பாலான குழந்தைகள் பெரிய கேடின்றித் தேறிவிடுகிறார்கள். ஆனாலும் அதை மருத்துவர் சொல்லட்டும்.

மதுரை அம்மா:
என் மகன் ஒன்றேமுக்கால் வயதில் இப்படி விழுங்கினான். மூன்று நாள் ஒன்றுமே இல்லை. ஆபத்து தாண்டிவிட்டது என்று நான் நிம்மதியாகத் தூங்கியது நான்காம் இரவு. நள்ளிரவில் விழித்தால் அவன் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறான், நெற்றி சுடுகிறது. மார்பில் கை வைத்தேன், பிடிபட்ட சிட்டுக்குருவி போல அடித்துக்கொண்டது. விடிவதற்குள் ஐந்து முறை வயிற்றுப்போக்கு. மருத்துவர் எடை பார்த்து, இதயத் துடிப்பைக் குறைக்கும் ப்ராப்ரனலால் மருந்து கொடுத்தார். ஒன்பதாம் நாள்தான் பழையபடி தூங்கினான்.

அவள் தூங்கும்போது நாடியை ஒரு முழு நிமிடம் எண்ணி, காய்ச்சலையும் சேர்த்துக் காலண்டர் தாளில் எழுதி வையுங்கள். எங்களுக்கு அந்தத் தாள்தான் உதவியது.

மருந்துக்கடைக்காரர்:
படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று. தைராக்சினுக்கு இருக்கிற இந்த நாலு நாள் அவகாசம் எல்லா மாத்திரைக்கும் கிடையாது. அதிக மாதவிடாய்ப் போக்குக்குத் தரும் ட்ரானெக்ஸாமிக் அமிலமும் லைசின் என்ற அமினோ அமிலத்தின் சாயலில் செய்ததுதான். ஆனால் அதைக் குழந்தை நிறைய விழுங்கினால் சில மணி நேரத்திலேயே வலிப்பு வரலாம். இரும்புச்சத்து மாத்திரையும் சில மணி நேரத்திலேயே ஆபத்தாகலாம், காத்திருக்கவே கூடாது.

பேத்தியின் பாட்டி:
போய் வந்துவிட்டோம். இப்போதைக்கு மருந்து எதுவும் வேண்டாமாம். பத்து நாள் கவனிக்கச் சொன்னார். நாடி எண்ணக் கற்றுக்கொண்டேன். மகளிடமும் சொல்லிவிட்டேன். அவள் என்னை ஒரு வார்த்தை பேசவில்லை. டப்பாவை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள். நாளையிலிருந்து காலை ஆறு மணிக்கு அவளே எழுந்து என் கையில் ஒரு மாத்திரை தருகிறாளாம்.