தினமும் ஒரு லட்சம் மூளை செல்கள் சாகின்றனவா?

நடுநிசி:
சின்ன வயதிலிருந்து இதைக் கேட்டு வருகிறேன், தினமும் ஒரு லட்சம் செல் செத்துப்போகும், போனது போனதுதான் என்று. எனக்கு 52 ஆகிறது, தெரிந்தவர்களின் பெயரே சட்டென்று வாயில் வர மாட்டேன் என்கிறது. நோய் இல்லாமலே செல்கள் இப்படிச் சாகுமா, இல்லை யாரோ கிளப்பிவிட்டதா?

எலிவால்:
முழுப் பொய் இல்லை, ஆனால் பயப்பட ஒன்றும் இல்லை. மூளையின் வெளி அடுக்கான பெருமூளைப் புறணியில் மட்டும் சுமார் 2000 கோடி நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள். 1997-இல் டென்மார்க்கில் பாக்கன்பெர்க், குண்டர்சன் என்ற இருவர் எண்ணிப் பார்த்தபோது 20 வயதுக்கும் 90 வயதுக்கும் இடையே குறைவது 10 சதவீதம் அளவில்தான். நாள் கணக்கில் வகுத்தால் எண்பதாயிரம் பக்கம் வரும், கேட்கப் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். 1950களின் ஆய்வுகள் இதைவிட மிக அதிகமாகக் காட்டின, ஆனால் அதில் ஒரு தோற்றப்பிழை இருந்தது. ஆய்வுக்காக மூளையைப் பதப்படுத்தும்போது இளம் மூளை அதிகம் சுருங்கும், செல்கள் நெருக்கமாகத் தெரியும், வயதான மூளை அதன் பக்கத்தில் காலியாகத் தோன்றும்!

நடுநிசி:
சரி, அப்புறம் பெயர் ஏன் மறக்கிறது?

அகல்விழி:
செல் இருக்கும், இணைப்பு குறையும். முன்மூளையில் நியூரான்களின் கிளைகளில் மற்ற செல்களோடு இணையும் நுண்முட்கள் குறைகின்றன, நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் என்ற கொழுப்பு உறையும் தேய்கிறது, அதனால் தகவல் போய்ச்சேரத் தாமதமாகிறது. சாவும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற மூளைப் பகுதியில் நோயில்லாமலே கணிசமாகக் குறையும். நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸில் சிஏ1 என்ற பகுதி சாதாரண முதுமையில் பெரிதாகக் குறையாது, அல்சைமர் என்ற மறதி நோயில்தான் அங்கே செல்கள் கொத்துக்கொத்தாகப் போகும். அல்சைமர் என்றால் வேகமான முதுமை என்று சிலர் அடித்துச் சொல்வதை அதனால்தான் நான் ஏற்பதில்லை.

எலிவால்:
சாகும் விதமும் வேறு. பக்கவாதத்தில் ரத்தம் நின்றதும் செல் வீங்கி வெடித்து அக்கம்பக்கத்தையும் கெடுக்கும். முதுமையில் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா தளர்ந்து, கால்சியத்தைக் கட்டுக்குள் வைக்க முடியாமல் போகும் செல் அப்போப்டோசிஸ் முறையில் தன்னைத்தானே கலைத்துக்கொள்ளும், மிச்சத்தை மூளையின் துப்புரவாளர்களான மைக்ரோகிளியா செல்கள் விழுங்கிவிடும்.

அகல்விழி:
பெயர் கொஞ்ச நேரம் கழித்துத் தானாக ஞாபகம் வருகிறதா? அப்படியென்றால் விடுங்கள். பழகிய வேலையே தடுமாறினால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். கடைசியாக ரத்த அழுத்தம் எப்போது பார்த்தீர்கள்? அது ஏறியே கிடந்தால் மூளையின் சின்ன ரத்தக்குழாய்கள் கெடும், அதில் முதலில் அடிபடுவது இந்த நரம்பிழைகள்தான்.