மூணு வயசு குழந்தைங்களோட ஜோடி சேர்க்கிற போர்டு கேம் ஆடின அனுபவம் சொல்லுங்க

ஈரோடு அம்மா:
என் பொண்ணுக்கு மூணரை வயசு, எழுத்தெல்லாம் இன்னும் தெரியாது, எண்ணச் சொன்னா அஞ்சுக்கு அப்புறம் நேரா எட்டுக்குப் போயிடுவா, ஆனா ஒரே மாதிரி ரெண்டு பொருள் கண்ணுல பட்டா போதும், எடுத்து ஜோடி சேர்த்துடுவா. ஜெர்மனில இருக்கற என் நாத்தனார் வந்தப்போ ஹாபா கம்பெனியோட மை ஃபர்ஸ்ட் ஆர்ச்சர்ட்ங்கற பழம் பறிக்கிற போர்டு கேம் வாங்கிட்டு வந்தாங்க. சிவப்பு ஆப்பிள், பச்சை ஆப்பிள், மஞ்சள் பேரிக்கா, நீல பிளம்ஸ், ஒவ்வொண்ணுலயும் நாலு, எல்லாமே மரத்துல செஞ்சது, குட்டிக் கைக்கு நல்லா பிடிபடுது. டைஸ் உருட்டினா எந்த கலர் விழுதோ அந்தப் பழத்தைப் பறிச்சு கூடைல போடணும், கூடை படம் விழுந்தா பிடிச்ச பழத்தை எடுக்கலாம், அண்டங்காக்கா படம் விழுந்தா காக்கா பொம்மை பாதைல ஒரு கட்டம் முன்னாடி வரும். காக்கா தோட்டத்துக்குள்ள வர்றதுக்குள்ள எல்லாத்தையும் பறிச்சிட்டா எல்லாருமே ஜெயிச்சாச்சு. எனக்கு ரொம்ப பிடிச்சதே இதுதான், தோத்தாலும் காக்காகிட்டதான் தோக்கறா, அண்ணன்கிட்ட இல்ல. ரெண்டு பேரும் சேர்ந்து "போ காக்கா போ"ன்னு கத்துறாங்க, முன்னெல்லாம் எந்த கேம் எடுத்தாலும் சண்டைலதான் முடியும். உங்க வீட்ல என்ன ஆடுறீங்கப்பா?

பால்வாடி டீச்சர்:
எங்க சென்டர்ல காசு குடுத்து வாங்குறதெல்லாம் நடக்காதும்மா, பழைய கல்யாண பத்திரிகை அட்டையை ஒரே அளவா வெட்டி படம் ஒட்டிக்குவேன். மெல்லிசு பேப்பர்னா பின்பக்கமா படம் தெரிஞ்சிடும், அதுக்குத்தான் அட்டை, முதுகுப் பக்கம் எல்லாத்துக்கும் ஒரே கலர் தாள். படம் கோழி, பஸ், முறுக்கு, செருப்புன்னு அதுங்க தினம் பாக்குறதா இருக்கணும். தக்காளியும் ஆப்பிளும் ஒரே செட்ல வேண்டாம், குழம்பிடும்ங்க. எடுத்த உடனே கவுத்து வெச்சு ஞாபகத்துல கண்டுபிடின்னா மூணு வயசுக்கு பொறுமை இருக்காது. முதல்ல நாலே ஜோடி, படம் மேல தெரியற மாதிரி, சும்மா சேர்க்கட்டும். அது சலிச்சப்புறம் கவுத்து வைங்க, வரிசையா வைங்க, திருப்பிப் பாத்த கார்டை அதே இடத்துல வெக்கணும்னு பழக்குங்க, ஏன்னா படத்தோட சேர்த்து இடத்தையும்தான் அதுங்க ஞாபகம் வெச்சுக்குது. எங்க ஆயாம்மாவை நாலு வயசுப் பசங்க சுலபமா ஜெயிச்சிடுவாங்க, அவங்களும் நிஜமாவே ஆடித்தான் தோக்கறாங்க.

டல்லாஸ் தாத்தா:
இங்க பேரனுக்கு கால்ல மாவுக்கட்டு போட்டு படுத்திருந்தப்ப கேண்டி லேண்ட்ங்கற போர்டு கேம்தான் கை குடுத்துச்சு. கார்டு எடுக்கணும், என்ன கலரோ அடுத்து வர்ற அந்தக் கலர் கட்டத்துக்குப் போகணும், அவ்வளவுதான். படிக்கவும் வேண்டாம், எண்ணவும் வேண்டாம், கார்டு அடுக்கி இருக்கற வரிசைதான் எல்லாத்தையும் முடிவு பண்ணுது, அதனால நான் விட்டுக்கொடுத்து ஆடவேண்டிய அவசியமே வரல, எங்க ரெண்டு பேருக்கும் சரிசமமான ஆட்டம். எலினார் அபட்னு ஒரு டீச்சரம்மா போலியோ வந்து சான் டியாகோல ஆஸ்பத்திரில இருந்தப்ப, அங்க இருந்த குழந்தைகளுக்காக யோசிச்ச கேமாம், 1949ல மில்டன் பிராட்லி கம்பெனி வெளியிட்டாங்க. படுக்கைல கிடக்கற புள்ளைக்கு கலர் கலரா ஒரு பாதைல எங்கயோ போற மாதிரி இருக்கறது எவ்வளவு பெரிய விஷயம்னு அந்த நேரத்துல கண்ணால பாத்தேன். பின்னாடி இழுத்து விடுற படக் கார்டு வந்தா மட்டும் அவன் முகம் சுருங்கிடும், அந்தக் கார்டை ஒதுக்கிட்டு வேற எடுத்துக்குவோம்.

ஈரோடு அம்மா:
டீச்சரக்கா, பத்திரிகை எங்க பீரோவுல கட்டு கட்டா கிடக்கு, இன்னிக்கே வெட்டிடறேன். ஒரு டவுட், பெரியவனுக்கு ஏழு வயசு, அவனும் கூட உக்காந்தா இவளுக்கு ஒண்ணுமே கிடைக்காதே?

பால்வாடி டீச்சர்:
அவனுக்குத் தனியா ஒரு செட் பண்ணிக் குடும்மா. பாப்பாவுக்கு கோழிக்கு கோழி, அவனுக்கு கோழிக்கு குஞ்சு, பசுவுக்கு கன்னுக்குட்டி, பூட்டுக்கு சாவி. அவனோடதைக் கவுத்து வை, அவளோடது திறந்தே இருக்கட்டும், ஆளுக்கு ஒரு தடவைன்னு மாத்தி மாத்தி எடுக்கட்டும்.