தம்பிக்கு இதயத் தசைத் தடிப்பு, வால்விலும் கசிவு: வால்வை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி:
தம்பிக்கு 34 வயது, லேத் பட்டறையில் வேலை. போன மாதம் வெயிலில் பஸ்ஸுக்கு ஓடியவன் மயங்கி விழுந்தான். எக்கோவில் இதயத்தின் இடைச்சுவர் 21 மில்லிமீட்டர் தடித்திருக்கிறது, மைட்ரல் வால்வில் (இதயத்தின் இடப்பக்க இரு அறைகளுக்கு நடுவிலுள்ள வால்வு) நடுத்தரக் கசிவு என்று வந்திருக்கிறது. மருந்துக்கடை வைத்திருக்கும் சித்தப்பா, "வால்வைக் கழற்றி உலோக வால்வு பொருத்த வேண்டியதுதான்" என்று முடிவே கட்டிவிட்டார். அம்மா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1:
சகோதரி, எனக்கும் இதே கதைதான். வால்வு கெட்டிருக்கிறது என்றுதான் நானும் பயந்தேன். எக்கோ அறையில் டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். தடித்த சுவரால் ரத்தம் வெளியேறும் பாதை குறுகியிருந்தது. குறுகிய மடையில் பாயும் தண்ணீர் ஓரத்துப் புல்லை இழுப்பதுபோல, ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் வால்வின் முன் இதழைச் சுவர்ப்பக்கம் தள்ளியது. பாதையும் அடைபட்டது, இதழ்களுக்கிடையே விழுந்த இடைவெளியில் ரத்தம் பின்னாலும் கசிந்தது. மாத்திரை போதாமல் போனதால் அறுவைச் சிகிச்சையில் சுவரைச் செதுக்கினார்கள். வால்வைத் தொடவில்லை, கசிவு பெயரளவுக்குத்தான் மிச்சம்.

ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: தம்பி ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறாரா? ரத்தக்குழாயைத் தளர்த்தும் மருந்து இந்த அடைப்பைக் கூட்டும். நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள். உடம்பில் தண்ணீர் வற்றவும் விடாதீர்கள்.

பதில் 2:
நான் எக்கோ எடுப்பவன். கசிவு எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். பின்பக்கம் சாய்ந்து போனால் மேலே நண்பர் சொன்ன கதையோடு பொருந்தும். நடுவிலோ முன்பக்கமோ போனால் வால்விலேயே தனிக் கோளாறு இருக்கலாம். அப்போது பேச்சு வேறு. மூச்சைப் பிடித்து முக்கச் சொல்லியும் அடைப்பை அளந்தார்களா? அடைப்புக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடு சும்மா படுத்திருக்கும்போது 20 mmHg என்று காட்டுவது, அப்போது 60 கூடக் காட்டலாம். இது பெரும்பாலும் குடும்பவழி வருவது. நீங்களும் அம்மாவும் ஒரு எக்கோ எடுத்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். "பின்பக்கம் சாய்ந்து போகும் கசிவு" என்ற பொருளில்தான் எழுதியிருக்கிறது. தம்பியின் மாத்திரை அட்டையில் அம்லோடிபின் 5 மில்லிகிராம். டாக்டரிடம் இப்போதே பேசப்போகிறேன். அந்த அட்டையைக் கொடுத்ததே சித்தப்பாதான்.