குறுந்தொகைப் பாட்டுக்குப் பக்க எண் போடுவதா, பாட்டு எண் போடுவதா?

கயல்_எம்ஏ:
எம்.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு. குறுந்தொகையில் தோழி கூற்றையும் எங்கள் ஊர் நடவுப் பாடல்களையும் ஒப்பிட்டு ஆய்வேடு எழுதுகிறேன், அடுத்த மாதம் ஒப்படைக்க வேண்டும். நேற்று இரண்டாம் இயல் திரும்பி வந்தது, அடிக்குறிப்பு முழுக்கச் சிவப்பு மை. "குறுந்தொகை, ப.112" என்று நான் போட்ட இடத்தில் வட்டம் போட்டு "எந்தப் பதிப்பு?" என்று நெறியாளர் எழுதியிருக்கிறார். உண்மையைச் சொன்னால், பாட்டை எடுத்தது மதுரைத் திட்ட மின்பதிப்பிலிருந்து, பக்க எண்ணை எடுத்தது சீனியர் அக்கா ஒருவரின் ஆய்வேட்டிலிருந்து. இன்னொரு தொல்லை, துணைநூற்பட்டியல் தயாரிக்கும் ஜோடெரோ மென்பொருள் குடும்பப் பெயர் கேட்கிறது, நமக்கு அது ஏது? துணைநூற்பட்டியலில் மு. வரதராசன் 'மு'வில் வருவாரா, 'வ'வில் வருவாரா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நூலகத்து_மேசை:
சங்க இலக்கியத்துக்குப் பக்க எண்ணே வேண்டாம். பாட்டு எண், அடி எண் போதும். "செம்புலப் பெயனீர் போல" என்பதை எடுத்தால் குறுந். 40:4, அவ்வளவுதான். உ.வே.சா.வின் 1937 பதிப்பை வைத்திருப்பவரும் நேற்று வந்த மலிவுப் பதிப்பை வைத்திருப்பவரும் அதை வைத்துச் சட்டென்று எடுத்துவிடலாம். மின்பதிப்பில் படிப்பவருக்கும் அதே எண்தான். ஆனால் எந்தப் பதிப்பின் பாடத்தை எடுத்தீர்கள் என்பதைத் துணைநூற்பட்டியலில் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பதிப்புக்குப் பதிப்பு பாடவேறுபாடு உண்டு. உரையாசிரியரின் விளக்கத்தை எடுத்தாண்டால் மட்டும் அந்த உரைப்பதிப்பின் பக்க எண் போடுங்கள்.

தொல்காப்பியத்தைத் தொடுவீர்கள் என்று நினைக்கிறேன் (தோழி கூற்று என்றால் களவியலும் கற்பியலும் இல்லாமல் முடியாது). அங்கே கவனம் தேவை. உரையாசிரியர் இளம்பூரணர் ஒரே நூற்பாவாக (சூத்திரமாக) கொண்டதை இன்னோர் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பிரித்திருப்பார், சில இடத்தில் மாறியும் இருக்கும், அதனால் நூற்பா எண் உரைக்கு உரை நகரும். வெறுமனே "தொல். பொருள். 100" என்று போட்டால் படிப்பவர் வேறு நூற்பாவில் போய் நிற்பார். "தொல். பொருள். இளம்." என்று உரையாசிரியர் பெயரையும் சேர்த்துவிடுங்கள். திருக்குறளிலும் பரிமேலழகர் வைத்த வரிசை வேறு, மணக்குடவர் வைத்த வரிசை வேறு. இன்று எல்லோரும் சொல்லும் குறள் எண் பரிமேலழகர் வழி வந்தது.

பழைய_ஆய்வாளன்:
சீனியரின் ஆய்வேட்டிலிருந்து பக்க எண்ணை எடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். எனக்கு இது நடந்தது. எம்.ஃபில். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் என் மூன்றாம் இயலைத் திறந்து, இந்த மேற்கோள் இருக்கும் நூலை நூலகத்திலிருந்து எடுத்து வாருங்கள் என்றார். கொண்டுவந்தேன். நான் காட்டியிருந்த ப.214-ஐ அவரே திறந்தார், அங்கே இருந்தது சொல்லடைவு, மேற்கோள் இல்லை. நான் அந்த நூலைத் தொட்டதே அன்றுதான், வேறொருவரின் அடிக்குறிப்பை அப்படியே என் அடிக்குறிப்பாக்கியிருந்தேன். அவர் திட்டவில்லை, புத்தகத்தை மூடி என் பக்கம் நகர்த்தி வைத்தார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

நூல் கையில் கிடைக்கவில்லை என்றால் "இன்னார், மேற்கோள்: இன்னாருடைய ஆய்வேடு, ப. இத்தனை" என்று பார்த்ததைப் பார்த்தபடி போடுங்கள், அதில் ஒரு குறைவும் இல்லை. 'மேலது' (முந்தைய அடிக்குறிப்பில் சொன்ன அதே நூல்) விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். இடையில் புதிதாக ஓர் அடிக்குறிப்பைச் செருகினால் கீழே இருக்கிற 'மேலது' எல்லாம் வேறு நூலைக் காட்ட ஆரம்பித்துவிடும். அதனால் எழுதும்போது நூல் பெயரையே போட்டுக்கொண்டு வாருங்கள், 'மேலது' கடைசி நாள் வேலையாக இருக்கட்டும்.

யுனிகோடு_தம்பி:
ஜோடெரோவில் பெயர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு பெட்டியை ஒன்றாக்கும் சிறிய பொத்தான் இருக்கிறது. இளம்பூரணர், புதுமைப்பித்தன் மாதிரி ஒற்றைப் பெயருக்கு அதை அழுத்துங்கள். மு. வரதராசனுக்கு 'வரதராசன்' குடும்பப் பெயர்ப் பெட்டியில், 'மு.' அடுத்த பெட்டியில். பட்டியலில் "வரதராசன், மு." என்று 'வ'வில் வரும். தலைப்பெழுத்தை முன்னால் வைத்தே அடுக்கச் சொல்லும் துறைகளும் உண்டு, உங்கள் துறை வழக்கத்தைக் கேட்டுக்கொண்டு ஒன்றையே கடைசிவரை பிடியுங்கள்.

இயலை பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் இப்போதே யுனிகோடுக்கு மாற்றிவிடுங்க. பாமினிக் கோப்பின் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள்தான், ஜோடெரோவில் ஒட்டினால் ஒன்றும் புரியாது. அகரவரிசையையும் கணினியை நம்பி விடாதீர்கள். யுனிகோடு அட்டவணையில் 'ற' 'ள'வுக்கு முன்னால் இருக்கிறது, அந்த எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் மென்பொருள் இறையனாரை இளம்பூரணருக்கு மேலே தூக்கி வைத்துவிடும். நம் நெடுங்கணக்கில் இளம்பூரணர்தான் முதலில்.

கயல்_எம்ஏ:
ரொம்ப நன்றி. தொல்காப்பிய எண் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, மூன்று இடத்தில் உரையாசிரியர் பெயர் இல்லாமல் போட்டிருக்கிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். பாட்டு நிறைய எடுத்துக் காட்டினால், பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று மென்பொருள் காட்டும் ஒப்புமை விழுக்காடு ஏறுமா? நடவுப் பாடல் பாடியது என் அப்பாயி, அதற்கு எந்த நூலைக் காட்டுவது?

நூலகத்து_மேசை:
யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறைப்படி முறையாகச் சான்று காட்டிய மேற்கோளும் துணைநூற்பட்டியலும் ஒப்புமைக் கணக்கில் வராது. 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை, அதைத் தாண்டி 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டியிருக்கும். அறிக்கை எடுப்பவரிடம் மேற்கோளை நீக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். உரைக்காரர் சொன்னதை மேற்கோள் குறி இல்லாமல் உங்கள் வாக்கியமாக எழுதியிருந்தால்தான் மாட்டுவீர்கள்.

அப்பாயிக்கு நூல் வேண்டாம்மா, அவரே தகவலாளர். பின்னிணைப்பில் தகவலாளர் பட்டியல் என்று போட்டு பெயர், வயது, ஊர், தொழில், பாட்டைப் பதிவு செய்த நாள் எழுதுங்கள், அடிக்குறிப்பில் அவர் பெயரும் நாளும் வரட்டும். பெயர் போடலாமா என்று முதலில் அவரிடம் கேட்டுவிடுங்கள்.

கயல்_எம்ஏ:
இப்போதுதான் போன் போட்டுக் கேட்டேன். தாராளமாகப் போடு, ஆனால் அந்தப் பாட்டு அவருடைய அத்தை சொல்லிக் கொடுத்தது, அத்தை பேரையும் சேர்த்து எழுது என்கிறார்.